ஹட்டனும் டர்பனும்: மூன்றரை மணித்தியாலத் தூரம்

சென்ற வருடம் ஜூலை மாதம். இஷாத் தொழுதுவிட்டு ஹட்டன் பஸாரிலிருந்து வீட்டுப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தேன். மழையும் இல்லை, மழை விட்டதாகவும் இல்லை. அந்த மாதத்தில் இங்கே அப்படித்தான். என் பழைய மாணவன் ஒருவன் கோல் எடுத்தான். ஓ.எல். முடித்துவிட்டு மார்க்கக் கல்விக்காகத் தென்னாபிரிக்கா போனவன், டர்பன் பக்கம் ஒரு மத்ரஸாவில் ஓதுகிறான்.

"சேர், நீங்க சாப்பிட்டுப் படுக்கப்போற நேரம் என்ன? இங்க இப்பத்தான் அஸர் முடிஞ்சது" என்றான்.

அங்கே ஒரு ஹார்ட்வெயார் கடை முதலாளியோடு அவனுக்குப் பழக்கமாம். அவருடைய பெயரின் கடைசியில் கவெண்டர் என்று வருகிறதாம். தமிழில் ஒரு வசனம் பேசத் தெரியாது. 'தாத்தா' என்ற சொல் மட்டும் தெரியும். இவன் தமிழ் வாசிப்பான் என்று கேள்விப்பட்டதும் அவர் லாச்சியைத் திறந்து ஒரு போட்டோக் கொப்பியை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவருடைய தாத்தாவின் தகப்பனார் கப்பலில் வந்திறங்கியபோது எழுதப்பட்ட பதிவு. ஊரின் பெயர் ஆங்கில எழுத்தில் கிறுக்கலாக இருக்கிறது. "சேர், இது என்ன ஊரெண்டு பார்த்துச் சொல்லுங்களேன். அந்த மனுசன் போய்ப் பார்க்க ஆசைப்படுறார்."

படம் வந்தது. இலக்கம், கப்பலின் பெயர், ஆளின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம். அந்தச் சிறிய திரையைப் பார்த்தபோது எனக்கு வந்தது பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும். என் பாட்டனார் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து இந்த மலைக்கு வந்து கடை வைத்தவர். அவர் எந்த வருடம் வந்தார், எந்தத் தெருவிலிருந்து புறப்பட்டார் என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. நான் படிப்பிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளின் வீடுகளிலும் இல்லை. ஒரே கரையிலிருந்து புறப்பட்டவர்களில் ஒரு சாராருக்கு மட்டும் எப்படிக் கடதாசி கிடைத்தது? அதைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

நேட்டாலுக்கு முதல் கப்பல் 1860 நவம்பர் 16 ஆம் திகதி போய்ச் சேர்ந்தது. 'ட்ரூரோ' என்பது அதன் பெயர். சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிப் போனது. அன்று தொடங்கி 1911 இல் இந்திய அரசாங்கம் தடுத்து நிறுத்தும் வரை 152,184 பேர் போனார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியவர்கள், தமிழரும் தெலுங்கரும். ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதத்துக்குப் பத்து ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். ஒப்பந்தம் என்றால் எழுத்து வேண்டும், கடல் கடந்த ஏற்றுமதி என்றால் பேரேடு வேண்டும். ஆளைச் சரக்காக நினைத்ததால்தான் அவ்வளவு கவனமாக எழுதினார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக உடம்பின் தழும்பைக்கூடக் குறித்தார்கள். இன்று பேரப்பிள்ளைகளுக்கு அதுவே பொக்கிஷம்.

மலையகத்துக்கு வந்தவர்களுக்கு ஒப்பந்தம் இருக்கவில்லை. கங்காணி தன் ஊருக்குப் போய், தன் சொந்தபந்தத்தில் ஆள் சேர்த்து, முன்பணம் கொடுத்துக் கூட்டி வருவார். அந்தப் பணம் ஆளின் தலையில் கடனாக ஏறும். சட்டப்படி அவர் மாதச் சம்பளக்காரர், நினைத்தால் விலகலாம். கடனைக் கட்டிவிட்டுத்தான் விலகலாம். இன்னொரு தோட்டத்துக்குப் போவதானால், இன்ன கடன் தீர்ந்தால் இந்த ஆட்களை விடுவேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' வேண்டும். ஆட்களோடு கடனும் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறியது. துண்டு முறை 1921 இல்தான் ஒழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச்சீட்டு வந்தது. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த தகரத் துண்டு அது. கிராமத்தின் பெயர் அதில் இல்லை. கணக்கெல்லாம் கங்காணியின் கொப்பியில் இருந்தது; கங்காணி மௌத்தாக, கொப்பியும் போயிற்று.

கடல்வழியின் நீளமும் ஒரு காரணம். நேட்டாலுக்கு வாரக்கணக்கில் கப்பல். இங்கே ஒரு குறுகிய கடல், அதற்குப் பிறகு மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளை வரை நடை. அந்த நடையில் விழுந்தவர்களை யாரும் எண்ணவில்லை. 1914 இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் தொடங்கிய பின்புதான் பயணம் இலேசானது. மலைக்கு ரயில் அதற்கு முன்பே ஏறிவிட்டது. 1884 இல் ஹட்டனுக்கும் அடுத்த வருடம் நானுஓயாவுக்கும் வந்தது. எங்கள் ஆட்களின் கடைகள் அந்தத் தண்டவாளத்தின் பின்னாலேயே முளைத்தன.

இந்த இரண்டு ஊர்களையும் முதலில் ஒரு பூஞ்சணம் இணைத்தது என்று சொன்னால் வாசகர்கள் சிரிக்கக் கூடாது. 1869 இல் இலங்கையின் கோப்பி இலைகளில் தென்பட்ட கருகல் நோய் சில வருடங்களில் கோப்பித் தோட்டங்களை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இலேயே லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்ததால் இந்த மலை தப்பியது. நேட்டாலின் கரையோரத்திலும் கோப்பி நட்டார்கள், அங்கும் நோயில் கோப்பி தோற்றது. அப்போது ஹியூலெட் என்ற தோட்டக்காரர் 1877 இல் கியர்ஸ்னி என்ற இடத்தில் தேயிலை நட்டார். ஆக, நேட்டாலிலும் ஒரு காலம் தமிழ்ப் பெண்கள் கொழுந்து பறித்திருக்கிறார்கள்! ஆனால் அங்கே அது நிலைக்கவில்லை. கொழுந்துக்கு ஓயாமல் கைகள் வேண்டும். 1911 இல் ஆள் வரத்து நின்றதும் அந்தக் கைகள் இல்லை. நிலம் கரும்புக்குப் போயிற்று. எங்கள் மலையில் கைகள் நிற்கவேயில்லை.

இனி நம்மவர்களின் விசயத்துக்கு வருகிறேன். இது கொஞ்சம் சங்கடமான இடம்.

நேட்டாலில் முஸ்லிம்கள் இரண்டு வழியில் போனார்கள். ஒரு சாரார் ஒப்பந்தக் கூலிகள். மொத்தக் கூலிகளில் பத்து வீதத்துக்கு மேற்படாதவர்கள். டர்பனில் இன்றும் பெரிதாக மதிக்கப்படும் பாதுஷா பீர் அந்த முதல் கப்பலான ட்ரூரோவிலேயே கூலியாக வந்தவர் என்று அங்குள்ளவர்களின் மரபு சொல்கிறது. மற்றச் சாரார் தங்கள் சொந்தப் பணத்தில் டிக்கெட் எடுத்துப் போன குஜராத்தி வியாபாரிகள். கூலிகளோடு தங்களைச் சேர்த்து எண்ணிவிடக் கூடாது என்பதில் அவர்கள் கவனமாக இருந்தார்கள். தங்களை 'அரபிகள்' என்று சொல்லிக்கொண்டார்கள். வெள்ளையரும் அப்படியே எழுதினார்கள். இதே கதை ரீயூனியன் தீவிலும் உண்டு. அங்கே குஜராத்தி முஸ்லிம்களுக்கு இன்றைக்கும் அந்தப் பெயர்தான்.

இதை வாசித்தபோது எனக்கு 1888 நினைவுக்கு வந்தது. அந்த வருடம்தான் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907 இல் அதற்கு மறுப்பு எழுதி, நமது அரபு மூலத்தை நிறுவினார். பல்கலைக்கழகத்தில் தமிழ் சிறப்புப் பட்டத்துக்குப் படிக்கும் காலத்தில் இந்த விவாதத்தில் நான் அஸீஸின் பக்கம்தான் நின்றேன். சட்டசபை ஆசனமொன்றுக்காக எழுதப்பட்ட வாதத்துக்கு அப்படித்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது, அதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வாதத்தின் நிழல் மலையகத்தில் எப்படி விழுந்தது என்பதை நாம் பேசுவதில்லை. என் பாட்டனார் போன்றவர்கள் கரையிலிருந்து வந்தவர்கள். குடிசன மதிப்பீடுகள் 'இந்தியச் சோனகர்' என்று தனியே எண்ணிய கூட்டம். லயத்தில் இருந்தவர்களும் அதே கரையிலிருந்து வந்தவர்கள்தான். அவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பஸாருக்கு வந்தால் அவர்களைத் 'தோட்டத்து ஆள்' என்றுதான் சொல்வோம். 'நம்மட ஆள்' என்று சொல்ல நாக்கு கொஞ்சம் தயங்கும். ஒரு கல்யாணப் பேச்சில் இந்தத் தயக்கத்தை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

கடைக்கும் லயத்துக்கும் இருந்த உறவு பற்றுக் கொப்பியின் உறவு. சம்பள நாளில் தீர்த்து, மறுநாள் மீண்டும் எழுதத் தொடங்கும் உறவு. அரிசியும் மாவும் கொடுத்து ஒரு சனத்தைப் பசியில் விடாமல் காத்தது அந்தக் கொப்பிதான். அவர்களை எழும்ப விடாமல் வைத்ததிலும் அதற்குப் பங்கு உண்டு. இரண்டும் உண்மை.

நேட்டாலில் அந்தச் சுவர் ஒருமுறை உடைந்தது. 1893 இல் தாதா அப்துல்லா கம்பனி என்ற முஸ்லிம் வியாபார நிறுவனம் ஒரு வழக்குக்காக இளம் பாரிஸ்டர் ஒருவரைக் கூப்பிட்டது. அவர்தான் மோகன்தாஸ் காந்தி. அடுத்த வருடம் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் உருவானபோது அதில் முன்னுக்கு நின்றவர்கள் அந்த வியாபாரிகள்தான். அதே காலத்தில் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி, துரை அடித்து உடைத்த பல்லோடும் இரத்தத்தோடும் காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். அதற்குப் பிறகுதான் கூலிகளின் பிரச்சினை அந்தக் காங்கிரஸின் மேசைக்கு வந்தது. 1895 இல் ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர் மீது வருடத்துக்கு மூன்று பவுண் வரி போடச் சட்டம் வந்தது. மூன்று பவுண் என்றால் அறுபது ஷில்லிங், அதாவது முதல் வருடக் கூலியின் ஆறு மாதச் சம்பளம். 1913 இல் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலை நிறுத்தம் வெடித்தது. அடுத்த வருடம் வரி நீங்கியது.

இங்கே அப்படி ஒரு முஸ்லிம் இருந்தாரா? இருந்தார். ஏ. அஸீஸ். இலங்கை இந்தியக் காங்கிரஸில் தொண்டமானுக்கு நிகராக நின்று, பின்னர் 1950களின் நடுவில் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தவர். லயத்துச் சனம் அவர் பின்னால் திரண்டது. நம்முடைய சமூக வரலாற்று மலர்களைப் புரட்டிப் பாருங்கள். அமைச்சர்களுக்கும் கொடைவள்ளல்களுக்கும் முழுப்பக்கம் இருக்கும், அஸீஸுக்கு ஒரு பந்தி இருந்தால் பெரிய விசயம்.

வாக்குரிமை போன கதை இரண்டு ஊரிலும் ஒரே அச்சு. நேட்டாலில் 1896 இல் பறித்தார்கள். எங்களுக்கு 1948, 1949 சட்டங்கள். 1947 தேர்தலில் மலையகம் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1952 இல் ஒருவரும் இல்லை. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் 975,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்ப்போம் என்று. அந்த மிச்சத்தை 1974 இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். கடைக்காரர்களுக்குத் தற்காலிக வதிவிட அனுமதி. அது முடிந்தால் போக வேண்டியதுதான். என் பாட்டனாரின் தம்பி அப்படிப் போனவர். கடைச் சாவியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, "வந்திருவேன் காக்கா" என்று சொன்னாராம். வரவில்லை. தோட்டத்திலிருந்து போனவர்கள் நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் கொழுந்துதான் பறித்தார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் 'சிலோன்காரர்'.

தென்னாபிரிக்காவும் பயணச் செலவு கொடுத்துத் திருப்பி அனுப்பப் பார்த்தது. 1927 கேப்டவுன் உடன்படிக்கையில் அதற்கென்றே ஏற்பாடு இருந்தது. பெரும்பாலோர் போகவில்லை. இந்தியர்கள் நாட்டின் நிரந்தரக் குடிகள் என்று அரசு ஏற்றது 1961 இல். அதற்காக நிம்மதியாக வாழ விட்டார்கள் என்று இல்லை. 1950 ஆம் ஆண்டின் குழுப் பிரதேசச் சட்டத்தால் வீடு வாசலை விட்டுக் கிளப்பி, சாட்ஸ்வர்த் போன்ற புதிய குடியிருப்புகளில் கொண்டுபோய் விட்டார்கள். சமமான வாக்கு 1994 இல்தான் கிடைத்தது. எங்கள் பக்கம் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003 இல் வந்தது. கடைசிக் கோட்டை டர்பன்காரர் எங்களைவிட ஒன்பது வருடம் முன்னதாகத் தாண்டியிருக்கிறார்கள்.

நான் தமிழ் வாத்தியார். ஆகவே மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டர்பனில் கவுண்டர் கவெண்டராகவும், முதலி மூட்லியாகவும், படையாச்சி அப்படியே படையாச்சியாகவும் குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. ஆடிக் கூழ் 'போரிட்ஜ் பிரேயர்' என்ற பெயரில் ஊற்றப்படுகிறது. காவடி உண்டு, தீமிதிப்பு உண்டு. வீட்டில் பேச்சு ஆங்கிலம். காந்தி 1903 இல் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. 1906 இல் நிறுத்திவிட்டார்கள். ஏன் மொழி போயிற்று? ஒரே பராக்கில் தமிழரையும் தெலுங்கரையும் போஜ்புரி பேசுபவர்களையும் அடைத்தார்கள். பெண்கள் குறைவு, நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்பதுதான் விதி. 1911 க்குப் பிறகு ஊரிலிருந்து புதிய வாய் வரவில்லை. பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்கூடம் போனார்கள், பட்டணம் போனார்கள்.

எங்கள் லயங்களில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கடலுக்கு அப்பால் ஊர் கூப்பிடு தூரத்தில் இருந்தது. தோட்டப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தாலும் தமிழில் இருந்தது. வெளியே போக வழி இல்லாததும் மொழி நின்றதற்கு ஒரு காரணம் என்பதை நாம் மறைக்கக் கூடாது. கவெண்டருக்குத் தமிழ் இல்லை, சொந்தக் கடை இருக்கிறது. என் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்குத் தமிழ் இருக்கிறது. அவள் தகப்பன் நாட்கூலி 1000 ரூபாவாவதற்கு 2021 வரை காத்திருந்தார், வீட்டுக்கு 7 பேர்ச் காணிக்கு இன்னமும் காத்திருக்கிறார். மொழி பிழைத்ததைப் பெருமையாக மேடையில் பேசும்போது எனக்கு இந்தப் பிள்ளையின் முகம் வந்துவிடும்.

நேட்டாலின் தமிழ் முஸ்லிம்களுக்கு நடந்தது வேறு. தொகையில் சிறியவர்கள். பள்ளிவாசல் நிர்வாகம் பெரும்பாலும் குஜராத்தி வியாபாரிகளின் கையில். மத்ரஸாவில் உருது. சென்னைப் பக்கத்திலிருந்து வந்தவர்களில் தக்கணத்து உருது பேசியவர்களும் இருந்ததால், கூலியாக வந்த முஸ்லிம்களெல்லாம் சேர்ந்து உருதுக்காரர்களாக ஆனார்கள். நல்ல முஸ்லிமாக இருக்க உருது வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. அப்படி ஒரு காற்று வீசியது, அவ்வளவுதான்.

இலங்கையில் நமக்கு அந்தக் காற்று வீசவில்லை. குத்பாவின் விளக்கம் தமிழில். என் உம்மும்மா தமிழ் எழுத்து அறியாதவர், ஆனால் அறபுத் தமிழில் 'பத்ஹுத் தய்யான்' வாசிப்பார். கண்டியிலிருந்து சித்திலெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' நடத்தியதும், 1885 இல் 'அஸன்பேயுடைய கதை' எழுதியதும் தமிழில்தான். (கேப்டவுன் முஸ்லிம்களும் அறபு எழுத்தில் ஆபிரிக்கான்ஸ் மொழியை எழுதினார்கள். அபூபக்ர் எஃபந்தியின் 'பயானுத்தீன்' 1877 இல் இஸ்தான்புல்லில் அச்சானது. அறபுத் தமிழ் நம் ஊருக்கு மட்டும் உரிய அதிசயம் என்று எண்ணியிருந்தவர்கள் கவனிக்கவும்.) ஆனால் இப்போது வேறொரு காற்று. ஹட்டன், நுவரெலியாவில் நம் குடும்பங்களின் பிள்ளைகள் சிங்கள மொழி மூலத்துக்கும் சர்வதேசப் பாடசாலைகளுக்கும் போகிறார்கள். வாப்பாமாரைக் குறை சொல்ல மாட்டேன். என் சொந்த மகனே ஆங்கிலத்தில்தான் கணக்குப் படிக்கிறான். அவன் என் புத்தக அலுமாரியைத் திறந்து நான் பார்த்ததில்லை. டர்பனில் இரண்டு தலைமுறையில் நடந்தது இங்கே எவ்வளவு காலம் எடுக்கும் என்று அந்த அலுமாரியைத் தூசி தட்டும்போது கணக்குப் பார்ப்பதுண்டு.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், மாணவன் அதில்தான் தொடங்கினான். டர்பன் எங்களுக்கு மூன்றரை மணித்தியாலம் பின்னால். நாங்கள் மஃரிபுக்கு வுளூ எடுக்கும்போது அவர்களுக்கு ளுஹருடைய நேரமே முடிந்திருக்காது. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் நமக்கு மஃரிப் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டியே அசையும். அங்கே ஜூனில் ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும், டிசம்பரில் ஏழு மணியை நெருங்கும். டிசம்பரில் நோன்பு வந்தால் அவர்களுக்கு நீண்ட பகல், நமக்கு வழமையான பகல். நாம் மேற்கே சற்று வடக்காகத் திரும்பித் தொழுகிறோம். அவர்கள் ஏறத்தாழ வடக்கே பார்க்கிறார்கள். மேற்கே இருப்பவருக்குப் பிறை தென்படும் வாய்ப்புக் கூட. அதனால் சில வருடங்களில் அவன் பெருநாள் சாப்பாட்டின் படத்தை அனுப்பும்போது நான் இங்கே கடைசி நோன்பில் இருப்பேன். "சேர், பார்க்காதீங்க" என்று கீழே எழுதியிருப்பான்.

அந்தப் போட்டோக் கொப்பியை நான் இரண்டு வாரம் வைத்துப் பார்த்தேன். ஜில்லா வட ஆர்க்காடு, தாலுகா ஆரணி, அதில் சந்தேகமில்லை. கிராமத்தின் பெயரை எழுதிய குமாஸ்தாவுக்கு ழகரம் கேட்கவில்லை, டகரமும் ரகரமும் ஒன்றாகக் கேட்டிருக்கின்றன. கடைசியில் 'பாக்கம்' என்று முடிகிறது. முன்பகுதிக்கு இரண்டு வாசிப்பு வந்தது. இரண்டையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, எதை முதலில் விசாரிக்கலாம் என்று பக்கத்தில் குறித்து, ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு அனுப்பினேன். அங்கே கடை திறந்திருக்கும் நேரம்.

ஒரு மணித்தியாலத்தில் ஒலிப்பதிவு வந்தது. கவெண்டரின் குரல். அந்த இரண்டு பெயர்களையும் மாணவன் சொல்லிக் கொடுக்கக் கொடுக்கச் சொல்லிப் பார்க்கிறார். ழகரம் அவருக்கும் வரவில்லை.